மோட்டார் வியாபாரிகளுக்கு லைசென்ஸ்

பதிவான பழைய மோட்டார் வண்டிகளை வாங்கி விற்போர் அதிகாரச் சான்றிதழ் பெற்றே தொழில் நடத்த வேண்டும் என்று மத்திய சர்க்கார் 2022 டிசம்பரில் விதி செய்தார்கள். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 55-ஏ முதலாகப் புதிய விதிகள் சேர்க்கப்பட்டு, 2023 ஏப்ரல் 1-ந் தேதி அமலுக்கு வந்தன. லைசென்ஸ் என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் நம் ஜனங்களுக்கு உண்டாகும் வெறுப்பை நாம் அறிவோம். பெர்மிட் லைசென்ஸ் ராஜ்யம் என்று ராஜாஜி கண்டித்த அமைப்பின் கசப்பு இன்னும் தேசத்துக்கு மறக்கவில்லை. ஆயினும் இந்த ஒரு லைசென்ஸ் அவசியமானது என்பதே நமது அபிப்பிராயம்.

புது வண்டி வியாபாரிக்கு இத்தகைய கட்டுப்பாடு புதிதன்று. பதிவாகாத வண்டியைப் பொது ரஸ்தாவில் ஓட்டலாகாது என்கிறது 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-வது பிரிவு. வியாபாரி ஒருவருக்கே அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கைப் பெற அவர் வர்த்தகச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். முன்பு 12 மாதமே செல்லுபடியான அச்சான்றிதழ் 2022-ல் செய்த திருத்தத்தால் 5 வருஷம் செல்லும். ஆனால் பழைய வண்டி வியாபாரமோ வெகுகாலம் கேள்வி முறையின்றி நடந்து வந்தது. ஒரு காலி மனையும் நான்கு வண்டிகளும் இருந்தால் எவரும் வியாபாரியாகலாம் என்பதே நிலைமை.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று சிலர் கேட்கலாம். ஓர் ஏழைக் குடும்பஸ்தர் பணமுடையால் தம் வண்டியைத் தரகரிடம் விற்கிறார். தரகர் பணத்தைக் கொடுத்து, வெற்றுப் பாரங்களில் கையெழுத்து வாங்கிக் கொள்கிறார். வண்டி இரண்டு மூன்று கை மாறுகிறது, ஆர்.ஸி. புத்தகத்தில் மட்டும் பெயர் மாறுவதில்லை. பிறகு ஒரு நாள் எங்கோ ஒரு ரஸ்தாவில் அந்த வண்டி ஒருவர்மீது மோதுகிறது. சம்மன் வந்து சேருவது யார் வீட்டுக்கு? வண்டியைக் கண்ணாலும் காணாத பழைய சொந்தக்காரர் வீட்டுக்கே!

இது நமது கற்பனை அல்ல. இவ்விதம் பல கை மாறிய ஒரு காரைப் பற்றிய வழக்கில், வண்டியைக் கைவசம் வைத்திருந்தவரே நஷ்டஈடு தர வேண்டும் என்று ஹைகோர்ட் கூறிற்று. 2018-ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றி, யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவரே சட்டப்படி சொந்தக்காரர், அவரே ஜவாப்தாரி என்று தீர்ப்பளித்தது. விபத்தில் அடிபட்டவன் கைமாறிய ஒவ்வொருவரையும் தேடி அலையலாகாது என்ற அந்த நியாயத்தை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இடையில் லாபம் பெற்ற தரகர் எந்தப் பொறுப்புமின்றி ஒதுங்கி நிற்பது எந்த தர்மம்? கைமாற்றத்தை விற்றவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்று 50-வது பிரிவு கூறுகிறது. இடையில் நிற்பவரை அது பிடிக்கவில்லை.

புதிய விதிகள் அந்தச் சந்தை அடைக்க முயலுகின்றன. சான்றிதழ் பெற்ற வியாபாரியிடம் வண்டியை ஒப்படைத்ததும் அதைப் பதிவதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்; அதன்பின் வண்டியின் பொறுப்பு வியாபாரியைச் சேரும். பெயர் மாற்றத்துக்கு அவரே மனுச் செய்யலாம். கைவசமுள்ள வண்டி ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் எதற்காகப் போயிற்று, யார் ஓட்டினார், எத்தனை தூரம் சென்றது என்ற கணக்கை அவர் வைத்திருக்க வேண்டும். யோக்கியமான வியாபாரி இதில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் சர்க்காருக்கு ஓர் எச்சரிக்கை. சான்றிதழ் பெறும் வழி எளிதாயிராவிட்டால், பெரிய கம்பெனிகள் மட்டும் அதைப் பெறும். மரத்தடியில் பத்துப் பழைய மோட்டார் சைக்கிள்களை வைத்துப் பிழைப்பவர் சட்டத்துக்கு வெளியிலேயே கிடப்பார். அவரை நம்பி விற்ற ஏழையின் கஷ்டமும் அப்படியே நிற்கும். ஆகையால் பாரங்கள் தமிழில் இருக்க வேண்டும். மனு இத்தனை நாளில் தீரும் என்று அலுவலக வாசலில் எழுதி வைக்க வேண்டும். மறுப்பதாயின் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அதிகாரிக்கும் மனுதாரருக்கும் நடுவே கைநீட்டும் தரகர் கூட்டம் ஒழிய வேண்டும். வண்டித் தரகரை ஒழுங்குபடுத்தப் புறப்பட்டு லைசென்ஸ் தரகரை வளர்ப்பது நகைப்புக்கு இடமான காரியம்.

ஜனங்களுக்கும் கடமை உண்டு. சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் வண்டியை ஒப்படைக்க வேண்டாம். வெற்றுப் பாரத்தில் கையெழுத்திட வேண்டாம். ஒப்படைத்ததைப் பதிவதிகாரிக்குத் தெரிவித்ததற்கு அத்தாட்சி பெறாமல் வீடு திரும்ப வேண்டாம். ஊர்தோறும் உழைக்கும் தேசத்தொண்டர்கள் இச்செய்தியைச் சந்தையிலும் ஸ்டாண்டிலும் எடுத்துச் சொல்வார்களாக. சட்டம் புத்தகத்தில் இருப்பதால் மாத்திரம் ஏழை காப்பாற்றப்படுவதில்லை. அதைக் கேட்டுப் பெறும் பிரஜை இருக்கும்போதுதான் அதற்கு உயிர் உண்டாகிறது.