தாத்தா வீட்டு மான் தலையை என்ன செய்வது?

ஊரில் பழைய வீட்டைப் பாகம் பிரிக்கும்போது நகை, பித்தளைப் பாத்திரம், தேக்குக் கட்டில் என்று எல்லாவற்றுக்கும் ஆள் வந்துவிடும். யாரும் கேட்காமல் கடைசியில் மிச்சமாவது ஒன்று உண்டு. ஹால் சுவரில் கண்ணாடிக் கண்ணோடு பார்த்துக்கொண்டிருக்கும் மான் தலை. ஜமீன் குடும்பங்கள், மலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள், பழைய அதிகாரிகள் வீடுகளில் இது ஒரு காலத்தில் சாதாரணம். அந்த வீடுகளின் வாரிசுகள் சிலர் இன்று துபாயிலும் தோஹாவிலும் மஸ்கட்டிலும் இருக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பேச்சு கிளம்புகிறது: "நான் வேணும்னா எடுத்துக்கிறேன், அடுத்த லீவுல இங்க கொண்டு வந்துடறேன்."

கொண்டு வர முடியாது. காட்டு விலங்குகளின் உறுப்புகளையும் அவற்றில் செய்த பொருள்களையும் ஏற்றுமதி செய்ய இந்தியாவில் தடை இருக்கிறது. இந்தப் பக்கம் அமீரகத்திலும் அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தக் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. அபுதாபி வேட்டைக் கண்காட்சியில் பாடம் செய்த விலங்குகளைப் பார்த்துவிட்டு, "இங்க எல்லாம் ஓகேதானே" என்று நினைப்பது தவறு. அங்கே வருபவை காகிதத்தோடு வருபவை. நம் பெட்டிக்குள் துணி சுற்றி வருவதற்கு அந்தக் காகிதம் கிடையாது.

அந்தத் தலைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால், அதை ஏன் இவ்வளவு அலட்சியமாகக் கையாளக் கூடாது என்பதும் புரியும். வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷாப்புகளில் முதல் வேலை சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை அகற்றுவது. பாடம் செய்பவருக்கு வேலை நேர் எதிர். ஒரு முடிகூட உதிரக் கூடாது. அதனால் சுண்ணாம்பு பக்கத்திலேயே வராது. உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பு தேய்க்க வேண்டும். தாமதித்தால் தோல் அழுகத் தொடங்கி முடி கொத்தாகக் கையோடு வரும். காதைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உள்பக்கம் வெளியே திருப்ப வேண்டும். உதடு, கண் இமை, மூக்கு ஓரங்களில் இருக்கும் சதையைக் கீறி எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு படிகாரமும் உப்பும் கலந்த நீரில் ஊறல். பிறகு உள்பக்கம் சீவி மெலிதாக்கி, வார்ப்பு உருவத்தின் மேல் இழுத்துப் பொருத்தித் தைப்பது. கண் கண்ணாடி. கொம்பு மட்டும் அசல்.

தென்னிந்தியாவில் இந்தத் தொழிலின் பெரிய பெயர் மைசூரின் வான் இன்ஜென் நிறுவனம். 1900 வாக்கில் தொடங்கி 1990-களின் இறுதி வரை நடந்தது. காகிதக்கூழில் வார்த்த உருவங்கள் அவர்களின் தனிச்சிறப்பு. மகாராஜாக்களும் வெள்ளைக்காரர்களும் சுட்டதெல்லாம் அங்கேதான் போனது. சுட்டவர் பெயரும் தேதியும் பலகையில் இருக்கும். உப்பு தேய்த்த, காதைத் திருப்பிய, தையல் போட்ட உள்ளூர்த் தொழிலாளியின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

இன்னொன்றும் அதற்குள் இருக்கலாம்: ஆர்சனிக். பூச்சி அரிக்காமல் இருக்க, பழைய காலத்தில் தோலின் உள்பக்கம் ஆர்சனிக் கலந்த சோப்பைத் தடவுவது உலகம் முழுக்க வழக்கம். அது ஆவியாகிப் போகாது, அம்பது வருஷம் ஆனாலும் அப்படியே கிடக்கும். ஆகவே லீவுக்கு ஊருக்குப் போகும் பிள்ளைகளை அந்தத் தலையைத் தடவ விடாதீர்கள். துடைப்பம், வாக்குவம் எதுவும் வேண்டாம். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். எரிக்கவே கூடாது. விஷம் புகையில் ஏறும்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். "தாத்தா லைசென்ஸ் வாங்கித்தானே சுட்டார்?" உண்மையாகவே இருக்கலாம். நீலகிரியில் வேட்டையை ஒழுங்குபடுத்த 1879-லேயே தனிச் சட்டம் வந்தது. ஆனால் 1972-இல் வந்த வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் எல்லாவற்றையும் மாற்றியது. வெளிமான் உள்ளிட்ட முதல் பட்டியல் விலங்குகளின் தலை, தோல், கொம்பு வைத்திருப்பவர் அறிவித்துச் சான்றிதழ் பெற வேண்டும். அப்போது விட்டவர்களுக்காக 2003 ஏப்ரலில் 180 நாள் அவகாசம் தரப்பட்டது. வாரிசாக வந்து சேர்ந்தால், வந்த 90 நாளுக்குள் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் அறிவிக்க வேண்டும். விற்பனை கூடவே கூடாது. முதல் பட்டியல் விலங்கு தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. எந்த மான் என்பதைப் பொறுத்து விதி மாறும் என்பதால், வனத்துறை அலுவலகத்தில் கேட்காமல் எதையும் செய்ய வேண்டாம்.

2003-இல் எடிசலாட் போன் கார்டைத் தேய்த்து, நிமிஷக் கணக்கு பார்த்து வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தவருக்கு அந்த 180 நாள் எப்படித் தெரிந்திருக்கும்? அப்பா இறந்து, மூன்று நாள் எமர்ஜென்சி லீவில் ஊருக்குப் போய் காரியம் முடித்துத் திரும்பியவர், 90 நாளுக்குள் வனத்துறை வாசலில் எப்படி நிற்பார்? தெரியாமல் விட்டவர் எல்லோரும் இன்று சட்டத்தின் கண்ணில் குற்றவாளி ஆகக்கூடியவர்.

2022 திருத்தம் ஒரு நல்ல கதவைத் திறந்தது. சான்றிதழ் வைத்திருப்பவர், வேண்டாம் என்றால் அரசிடம் ஒப்படைத்துவிடலாம். பணம் கிடையாது, பொருள் அரசுக்குச் சொந்தமாகிவிடும். ஆனால் சான்றிதழ் இல்லாதவர்? அவருக்குப் பயம்தான் மிச்சம். பயந்தவர் என்ன செய்வார்? இரவில் கிணற்றில் போடுவார், கொல்லையில் எரிப்பார், அல்லது "நான் பார்த்துக்கிறேன் சார்" என்று வரும் புரோக்கரிடம் கொடுப்பார். பூஜைக்கு மான்தோல், பூணூலில் கட்ட ஒரு துண்டு என்று ரகசியமாக விலை பேசும் சந்தை அப்படித்தான் உயிர் வாழ்கிறது.

நம் கோரிக்கை எளிமையானது. வைத்துக்கொள்ள இன்னொரு மன்னிப்புத் திட்டம் கேட்கவில்லை. அது புதிதாகச் சுட்டவனுக்கும் பழைய தேதி போட்டுக் கொடுத்துவிடும். ஒப்படைக்க வருபவர் மீது வழக்கு இல்லை என்று ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு அறிவியுங்கள். வெளிநாட்டில் இருப்பவர் படத்தோடு ஆன்லைனில் அறிவிக்கவும், ஊரில் இருக்கும் உறவினர் மூலம் ஒப்படைக்கவும் வழி செய்யுங்கள். துபாய் துணைத் தூதரகமும் வளைகுடாத் தூதரகங்களும் பவர் ஆஃப் அட்டர்னிக்குச் சான்றளிக்கும் அதே கவுண்டரில் இதையும் சொல்லலாம்.

"வேட்டைக்காரன் இதைப் பயன்படுத்திக்கொள்வானே?" என்று கேட்கலாம். காசே கிடைக்காத இடத்துக்கு அவன் ஏன் வரப்போகிறான்? மேலும் பழைய பாடமும் நேற்று உப்புப் போட்ட தோலும் தெரிந்தவர் கண்ணுக்கு ஒன்றல்ல. பலகை, தையல், உள்ளே இருக்கும் வார்ப்பு எல்லாமே வயதைச் சொல்லும். நல்ல நிலையில் இருப்பவை கோவை காஸ் வன அருங்காட்சியகம் போன்ற இடங்களுக்குப் போகட்டும்.

இந்தியா அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த அதே 1972-இல்தான் ஓமான் பாலைவனத்தில் கடைசிக் காட்டு ஓரிக்ஸ் மான்கள் வேட்டைக்குப் பலியாயின. கத்தார் ஏர்வேஸ் விமான வாலில் நாம் பார்க்கும் அதே விலங்கு. உயிரியல் பூங்காக்களில் பெருக்கி, 1982-இல் ஓமானில் மறுபடி திறந்து விட்டார்கள். இன்று நம் பிள்ளைகள் அல் ஐன் பூங்காவில் அதை நடமாடும் விலங்காகப் பார்க்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் தாத்தா சுவரில் விட்டுப்போன மானைப் பற்றி மறைக்காமல் பேச முடிய வேண்டும். அதற்கு அது கிணற்றுக்குள்ளோ புரோக்கர் கையிலோ போயிருக்கக் கூடாது. அடுத்த லீவில் ஊருக்குப் போனால் முதலில் அலமாரியில் பழைய சான்றிதழைத் தேடுங்கள். இருந்தால் வாரிசாக அறிவியுங்கள், அல்லது ஒப்படைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஒரு வக்கீலோடு வனத்துறைக்குப் போங்கள். அந்தக் கதவை அச்சமில்லாமல் தட்டும்படி செய்ய வேண்டியது அரசின் வேலை.