மலை ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை



உடுமலையிலிருந்து மூணாறுக்கு ஹிமாலயன் 450-இல் போய்வந்த படங்களைப் பலரும் போடுகிறீர்கள். மகிழ்ச்சி. சென்னைப் பக்கம் தயாராகும் வண்டி. 452 சிசி, 40 குதிரைத்திறன். எல்லோரும் இன்ஜினைத்தான் புகழ்கிறீர்கள். நம்ம மலைப்பாதைக்கு முதலில் பார்க்க வேண்டியது பிரேக் என்பது என் கருத்து.

வண்டி மட்டுமே 196 கிலோ. அதற்கு மேல் நீங்கள், பின்னால் ஒருவர், மூட்டை முடிச்சு. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி நிற்க நான்கு மடங்கு தூரம் வேண்டும். வகுப்பில் போர்டில் போட்ட கணக்குதான். ஒன்பதாறு செக்போஸ்ட் தாண்டி வளைவில் யானை நின்றால், அந்தக் கணக்கைத் திருத்தி எழுத நேரம் இருக்காது.

மறையூரிலிருந்து சின்னாறுக்கு இறங்கும்போது நியூட்ரலில் விடாதீர்கள். கியரைக் குறையுங்கள், இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். பின்சக்கர ஏபிஎஸ்ஸை அணைக்கும் வசதி மண்பாதைக்கானது. தார்ரோட்டில் அதைத் தொட வேண்டாம்.

பத்திரமாகப் போய் வாங்க கண்ணுகளா. வீடு வந்ததும் கீழே ஒரு வரி எழுதுங்க.