மாட்டின் வயதைக் கேட்கும் சட்டம் உண்பவரின் நலத்தைக் கேட்பதில்லை

2024 பிப்ரவரியில் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டத்தில் பறவைக் காய்ச்சல் உறுதியானதும், திருவள்ளூர் மாவட்ட எல்லைச் சாவடிகளில் கண்காணிப்பு முடுக்கிவிடப்பட்டது. இத்தகைய நோய்க்காலங்களில் மாதிரிகளைப் போபாலிலுள்ள ஒன்றிய அரசின் ஆய்வகம் பரிசோதிக்கிறது. கோழிகளை அழிக்கும் பணியை மாநிலம் மேற்கொள்கிறது. பண்ணையாளர்களுக்கான இழப்பீட்டை இரு அரசுகளும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. மனமிருந்தால் ஒத்துழைப்பு இயலும் என்பதற்கு இதுவே சான்று.

அதே நெடுஞ்சாலையில், கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஒப்பந்தத் தொழிலாளி வாங்கும் மாட்டுக்கறிக்கு யார் பொறுப்பு?

பொறுப்பு பல கைகளில் சிதறிக் கிடக்கிறது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒன்றியத்தினுடையது; களத்தில் அதைச் செயல்படுத்துவோர் மாநில அலுவலர்கள். இறைச்சிக்கூடங்களை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு உரியனவாக அரசமைப்பின் 12ஆம் அட்டவணை குறிப்பிடுகிறது. ஊராட்சிகளுக்கான 11ஆம் அட்டவணையில் அப்பொருளே இல்லை. தொழிற்பேட்டையைச் சூழ்ந்திருப்பவையோ ஊராட்சிகள்.

நாளொன்றுக்கு 50 மாடுகளுக்கு மேல் அறுக்கும் கூடத்திற்கு ஒன்றிய உரிமம் வேண்டும். ஏற்றுமதி இறைச்சி, கால்நடை மருத்துவரின் சான்றின்றிக் கப்பலேறாது. 2 மாடுகளுக்கு மிகாமல் அறுக்கும் சிறு வியாபாரிக்கோ பதிவு மட்டுமே போதும். அயல்நாட்டார்க்கு மருத்துவரின் சான்று. உள்ளூர்ச் சேரிக்கு ஒரு பதிவுத்தாள்!

1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு கால்நடைப் பாதுகாப்புச் சட்டமும் அறுப்பதற்கு முன் சான்று கேட்கிறது. மாடு 10 வயதைக் கடந்ததா, உழைப்புக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததா என்பதே அதன் வினா. அக்கறி உண்ணத்தக்கதா என்பது அதன் கவலையன்று. 2017 மே மாதத்தில் ஒன்றிய அரசு சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்பதையே தடுக்கும் விதிகளை வெளியிட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவற்றுக்குத் தடை விதித்தது. உச்ச நீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் விரித்தது. மாட்டுக்கறி உண்போரிடம் அரசு தடையாக வருகிறதேயன்றி, மருத்துவராக வருவதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோர் பட்டியல் சாதியினர். அவர்களின் மலிவான புரதத்திற்குப் பாதுகாப்புக் கோருவது சலுகையன்று. தொழிற்பேட்டைப் பகுதிக்கு ஒரு பொது இறைச்சிக்கூடம், அறுப்பதற்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யும் மருத்துவர், பறவைக் காய்ச்சலுக்குப் பகிர்வதுபோல் செலவில் இரு அரசுகளின் பங்கு ஆகியவையே நம் கோரிக்கை. கூடம் வரும்வரை சிறுகடைகளை மூடுவது தீர்வாகாது. அது ஏழையின் தட்டையும் வியாபாரியின் பிழைப்பையும் ஒருசேரப் பறிக்கும்.

பசுவதைத் தடை பற்றிய அரசமைப்பின் 48ஆம் உறுப்பு ஆட்சியாளர்களுக்கு மனப்பாடம். மக்களின் ஊட்டத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் கடமை என்னும் 47ஆம் உறுப்பு அதற்கு முன்னரே நிற்கிறது.