கூரையில் விழும் வெயிலுக்குக் கணக்கு வேண்டும்

மலேசியாவின் காப்பார் கடலோரத்தில் சுமார் 2,400 மெகாவாட் திறனுக்கு அமைக்கப்பட்ட சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையத்தில், எரிக்கப்படும் நிலக்கரிக்குக் கணக்கு இல்லாமல் ஒரு நாளும் நகராது. அதே வட்டாரத்துத் தாமான்களின் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்த வரும் நிறுவனங்களாலோ, அந்தக் கூரையில் எவ்வளவு வெயில் விழுகிறது என்பதை ஒரு நாள்கூட அளக்காமலே இருபது ஆண்டு வருமானத்தை விலைப்புள்ளியில் அச்சிட்டுத் தர முடிகிறது. கூரையிலேயே அளந்து பதிந்த குறிப்பு இணைக்கப்படாத எந்த வீட்டுச் சூரிய மின் ஒப்பந்தத்துக்கும் அனுமதி தரக்கூடாது என்பதே இத்தலையங்கத்தின் நிலைப்பாடு.

விலைப்புள்ளியில் வரும் எண், துணைக்கோளப் படங்களிலிருந்து கணிக்கப்பட்ட வட்டாரச் சராசரி. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு கிலோவாட் தகடு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 முதல் 1,300 யூனிட், அதாவது கிலோவாட் மணி, தரும் என்று அது சொல்கிறது. வட்டாரத்தைப் பொறுத்தவரை அந்த எண்ணில் தவறில்லை. ஆனால் தகட்டின் மீது எழுதப்பட்ட திறன், ஒரு சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி விழ, தகட்டின் வெப்பம் 25 பாகை செல்சியசில் நிற்கும் ஆய்வுக்கூட நிலையில் அளக்கப்பட்டது. காப்பாரின் உச்சி வெயிலில் தகடு 60 பாகையைத் தொடக்கூடும் என்பதாலும், ஒவ்வொரு பாகை உயர்வுக்கும் திறன் 0.3 முதல் 0.4 விழுக்காடு வரை குறையும் என்பதாலும், வெப்பம் மட்டுமே பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலோ துணைக்கோளக் கணிப்புக்கு எட்டுவதே இல்லை. தொடராக இணைக்கப்பட்ட தகடுகளில் ஒன்றின் மீது விழும் நிழல், தன் பரப்பை மிஞ்சிய இழப்பை ஏற்படுத்தும். புகைமூட்டம் ஆண்டுச் சராசரியில் கரைந்துவிடுகிறது. ஆனால் 2005 ஆகஸ்டில் காற்று மாசுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் போர்ட் கிள்ளானிலும் கோலா சிலாங்கூரிலும் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதையும், காப்பார் அவ்விரண்டுக்கும் நடுவே இருப்பதையும் இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

வெயில் எவ்வளவு என்பதைவிட எந்த நேரத்தில் என்பதே இப்போது பெரிய கேள்வி. பருவமாற்ற மாதங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கின் பிற்பகல்கள் இடிமழைக்கு உரியவை. மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் சுமத்ரா சூறைக்காற்றோ விடியலையும் காலையையும் மறைக்கிறது. ஆகவே கிழக்குச் சரிவு, மேற்குச் சரிவு என்ற தேர்வை வரைபடத்தைப் பார்த்துச் செய்ய முடியாது. முந்தைய நிகர அளவீட்டுத் திட்டத்தில் வீட்டுக்காரர் மின் விநியோக நிறுவனமான தெனாகாவுக்கு அனுப்பிய ஒரு யூனிட், அங்கிருந்து வாங்கிய ஒரு யூனிட்டுக்குச் சமமாகக் கழிக்கப்பட்டதால் நேரக் கணக்கு பொருட்டாக இல்லை. 2026 ஜனவரியில் தொடங்கிய சோலார் அத்தாப் திட்டத்தில், வீட்டுக்கு மிஞ்சியது எரிசக்திக் கட்டண அளவிலேயே மதிப்பிடப்படுகிறது. தள்ளுபடிகளை ஒதுக்கிப் பார்த்தால், 2025 ஜூலைக் கட்டண முறைப்படி, மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டில் அது 27.03 சென், வாங்கும் யூனிட்டுக்கோ திறன் கட்டணமும் வலையமைப்புக் கட்டணமும் சேர்ந்து சுமார் 44 சென். பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும், இரவில் குளிர்சாதனம் ஓடும் வீட்டுக்கும், பெரியவர்கள் பகலில் இருக்கும் வீட்டுக்கும் ஒரே அளவுத் தகட்டை விற்பது இனி நியாயமான வணிகமாகாது.

ஓராண்டு அளந்துதான் தீர வேண்டுமா என்று விற்பனையாளர்கள் கேட்பார்கள், ஓராண்டு தேவையில்லை. சிறிய அளவுத்தகடு ஒன்றின் குறுஞ்சுற்று மின்னோட்டம், அதாவது இரு முனைகளையும் நேராக இணைத்தால் ஓடும் மின்னோட்டம், அதன் மீது விழும் ஒளிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். அதை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதியும் சிறு கருவியை ஆறு வாரம் கூரையில் வைத்து, அதே நாள்களின் துணைக்கோளக் கணிப்போடு ஒப்பிட்டால், அந்தக் கூரைக்குரிய திருத்த விகிதம் பெருமளவு தெளிவாகிவிடும். நிழல் மட்டும் பருவத்துக்குப் பருவம் இடம் மாறுவதால் அதைத் தனியே வரைந்து பார்க்க வேண்டும். பதிவைப் படிப்பவர், மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் 1982 ஜனவரி முதல் நாளில் அரை மணி முன்னே தள்ளப்பட்டதை நினைவில் கொள்வது நல்லது. காப்பாரில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கன்று, ஒன்றேகால் மணி அளவில். கணக்கின் மறுபாதியான வீட்டு மின்செலவோ, ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட வீடுகளில் ஏற்கெனவே அரை மணிக்கொரு முறை பதிவாகிக்கொண்டிருக்கிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை என்பதுதான் குறை.

இந்தியா 2011இல் சென்னையிலுள்ள காற்றாற்றல் நிறுவனத்தின் பொறுப்பில் 51 கதிர்வீச்சு அளவை நிலையங்களை நிறுவியபோது, பெரும் மின்பண்ணைகளுக்கு நம்பத்தக்க தரவு வேண்டும் என்பதே காரணமாக இருந்தது. முதலீட்டாளருக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, கடன் வாங்கித் தகடு போடும் காப்பார் குடும்பத்துக்கும் கிடைக்க வேண்டும். 2011இல் உருவான சேடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம், பதிவுபெற்ற நிறுவனங்களுக்கான விதிகளில் ஆறு வாரக் கூரைப் பதிவைக் கட்டாயமாக்கி, முன்கணித்த உற்பத்தியையும் முதலாண்டு உண்மை உற்பத்தியையும் நிறுவனவாரியாக வெளியிட வேண்டும். 2024இல் அரச மாநகராக உயர்ந்த கிள்ளானின் மாநகர் மன்றம், அளவுக்கருவிகளை வாங்கித் தன் வட்டாரக் குடியிருப்பாளர்களுக்கு இரவல் தரலாம். ஒரு தாமானுக்கு இரண்டு கருவிகள் சுற்றிவந்தாலே போதும்.