'தொர', 'டோர்', 'தர்கா': ஒரு சொல்லின் குடும்பமும் நமது இரத்தப் பெருமையும்

சிங்களத்தில் கதவுக்கு 'தொர'. ஆங்கிலத்தில் 'டோர்'. ஏன் இப்படி ஒத்திருக்கிறது என்று கேட்டால், வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் சிங்களம் இரவல் வாங்கிய சொல் என்று நம்மில் பலர் பதில் சொல்லி விடுகிறோம். அது பிழை. ஆங்கிலேயர் 1796 இல் இங்கே காலூன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே சிங்களத்தில் அந்தச் சொல் இருக்கிறது. யாரும் யாரிடமும் வாங்கவில்லை. இரண்டும் ஒரே மூதாட்டியின் பேரப்பிள்ளைகள்.

அந்த மூதாட்டியைத்தான் மொழியியலாளர்கள் மூல இந்தோ-ஐரோப்பிய மொழி என்கிறார்கள். சுமார் ஐயாயிரம், ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், கருங்கடலுக்கு வடக்கே உள்ள புல்வெளிகளில் பேசப்பட்டது என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. அம்மொழியில் எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. பிள்ளை மொழிகளை அருகருகே வைத்து ஒப்பிட்டுத்தான் அதன் சொற்களை மீட்டெடுக்கிறார்கள். அப்படி மீட்ட சொல்லுக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி போடுவது வழக்கம். "இது கண்ணால் கண்டதல்ல, கணக்குப் போட்டு அறிந்தது" என்பது அதன் பொருள். கதவுக்கான மூலச்சொல் *த்ஹ்வெர்.

அதன் பிள்ளைகளைப் பாருங்கள். சமஸ்கிருதத்தில் த்வார. அதைத் தமிழ் எடுத்துத் 'துவாரம்' ஆக்கிக்கொண்டது. ரஷ்ய மொழியில் த்வேர். ஜேர்மன் மொழியில் ட்யூர். கிரேக்கத்தில் தூரா. பாரசீகத்தில் தர். அந்தத் 'தர்'தான் நாம் சொல்லும் தர்பாரிலும் தர்காவிலும் இருக்கிறது. 'காஹ்' என்றால் இடம். தர்கா என்பது வாசலடி. நமது தர்கா நகரின் பெயருக்குள்ளும் அந்தப் பழைய கதவு நிற்கிறது.

இலத்தீனில் கதவுக்கு ஃபோரிஸ். கதவுக்கு வெளியே என்பதற்கும் அதே வேரிலிருந்து ஒரு சொல். அதன் வழி வந்ததுதான் ஆங்கிலத்தின் 'ஃபொரின்'. "மகன் ஃபொரின்ல" என்று ஊரில் சொல்கிறோமே, அந்தச் சொல்லின் அடியில் இருப்பது "வாசலுக்கு வெளியே" என்ற பொருள்தான்.

'தொர'வுக்கும் 'ஃபோரிஸ்'ஸுக்கும் ஓசையில் என்ன ஒற்றுமை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இங்கேதான் விடயமே இருக்கிறது. சொற்களின் உறவுக்கு ஓசை ஒற்றுமை சாட்சி அல்ல; ஒழுங்கான மாற்றமே சாட்சி. மூலமொழியில் சொல்லின் தொடக்கத்தில் வந்த அந்த ஒலி இலத்தீனில் 'ஃப' ஆகும், கிரேக்கத்தில் வேறொரு 'த' ஆகும். ஒரு சொல்லில் மட்டும் அல்ல, சொல்லுக்குச் சொல் அப்படித்தான். புகையை எடுங்கள்: சமஸ்கிருதத்தில் தூம, சிங்களத்தில் தும, இலத்தீனில் ஃபூமுஸ். கதவில் நடந்ததே புகையிலும் நடந்திருக்கிறது. ஜேகப் கிரிம் 1822 இல் ஜேர்மானிய மொழிகளின் ஒலிமாற்றங்களை விதியாக எழுதி வைத்ததிலிருந்து இந்தத் துறை இப்படிச் சோதித்துத்தான் நடக்கிறது.

மறுபக்கமும் உண்டு. 'தாருல் உலூம்' என்பதில் வரும் அரபு 'தார்' வீட்டைக் குறிக்கிறது. பாரசீக 'தர்' கதவைக் குறிக்கிறது. ஓசையும் பொருளும் பக்கத்துப் பக்கத்தில். ஆனாலும் உறவு கிடையாது. அரபு வேறு குடும்பம். அந்தச் சொல்லின் வேர் சுற்றி வருதல் என்ற பொருளுடையது. ஒத்து ஒலிப்பதெல்லாம் உறவு என்றால் இந்த இரண்டையும் முதலில் சேர்த்திருக்க வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறோம்? முகநூலைத் திறந்தால் ஒருவர் உலக மொழிகள் எல்லாம் தமிழிலிருந்து வந்தவை என்று இரண்டு சொற்களைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். இன்னொருவர் சிங்களம் ஆரிய மொழி, ஆகவே எங்கள் இரத்தமே வேறு என்கிறார். முதலாமவர் விதியைப் பார்க்கவில்லை. இரண்டாமவர் மொழியையும் இரத்தத்தையும் குழப்புகிறார். ஆரியர் என்ற சொல்லைப் பரப்பியவர்களில் முக்கியமானவரான மாக்ஸ் முல்லரே, அது மொழியைக் குறிப்பது, இரத்தத்தை அல்ல என்று 1888 இல் எழுதிவிட்டார்.

அதே 1888 இல்தான் நம் நாட்டில் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்ட கட்டுரை வந்தது. தமிழ் பேசுவதும் அதற்கு ஒரு சான்றாக வைக்கப்பட்டது. ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் 1907 இல் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். நமது வீட்டு மொழி தமிழ். அது நமக்குப் பெருமை. ஆனால் பேசும் மொழியை வைத்து ஒருவர் யாரென்று தீர்ப்பெழுத முடியாது என்பதை நம்மைவிடத் தெரிந்த சமூகம் இந்த நாட்டில் எது? நமக்கு எதிராக அந்த அளவுகோல் வந்தபோது மறுத்த நாம், மற்றவர் மீது அதே அளவுகோலை வைக்கலாகாது.

எங்கள் பாடசாலைகளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் படிப்பிக்கிறோம். மூன்றும் மூன்று அறைகளில், ஒன்றுக்கொன்று முகம் தெரியாமல் கிடக்கின்றன. மூன்று பாட ஆசிரியர்களும் தவணைக்கு ஒரு பாடவேளை சேர்ந்து இப்படி ஒரு சொல்லை எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தால் போதும். புதிய பாடத்திட்டம் வேண்டாம், சுற்றறிக்கை வேண்டாம், கரும்பலகை போதும். 'தொர'வையும் 'டோர்'ரையும் எழுதிவிட்டு, பக்கத்தில் நம் 'கதவு', 'வாசல்', 'படலை' ஆகியவற்றையும் எழுதுங்கள். அவை வேறு குடும்பம் என்பதையும், வேறு குடும்பம் என்பதால் தாழ்ந்ததும் இல்லை உயர்ந்ததும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"அப்படியா? எப்படித் தெரியும்?" என்று கேட்கப் பழகிய பிள்ளை, நாளை யாராவது சொல்லைக் காட்டி இனவாதம் பேசினால் அங்கேயும் அதே கேள்வியைக் கேட்கும்.

ஆசிரிய நண்பர்கள் தங்கள் வகுப்பில் முயன்று பாருங்கள். பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதைக் கீழே எழுதுங்கள்.