மஞ்சள் கண்ணைக் காக்குமா?

மாணவர்களே, "மஞ்சளில் உள்ள பொருள் நீரிழிவுக் கண்நோயைத் தடுக்கும்" என்ற செய்தி உங்கள் குடும்பப் புலனக் குழுவுக்கும் வந்திருக்கும். அது முழுப் பொய்யல்ல. சிக்கலே அதுதான்.

இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் மிகுந்திருந்தால், விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதாகிக் கசியத் தொடங்கும். மஞ்சளில் உள்ள குர்குமின், நீரிழிவுள்ள எலிகளின் விழித்திரையில் இந்தப் பாதிப்பைக் குறைத்தது உண்மைதான். ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். உண்டதில் பெரும்பகுதி குடல் வழியே வெளியேறிவிடும். உள்ளே போகும் சிறிதளவையும் கல்லீரல் வேகமாக மாற்றிவிடும். எஞ்சியது, இரத்தத்துக்கும் விழித்திரைக்கும் இடையிலுள்ள தடுப்பைத் தாண்ட வேண்டும். குழம்பில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டு முடிகிற காரியமா இது?

விலங்குக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று சொல்லவும் முடியாது. 1977-இல், டெகு என்ற தென்னமெரிக்கக் கொறிவிலங்குக்குக் குவெர்சிட்ரின் என்ற தாவரப் பொருளைக் கொடுத்தபோது, நீரிழிவால் வரும் கண்புரை தாமதமானது. அது ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது. அதே நொதியைத் தடுக்கும் சார்பினில் என்ற செயற்கை மருந்தைப் பிறகு 497 நோயாளிகளிடம் சோதித்தார்கள். 1990-இல் முடிவு வெளிவந்தது: விழித்திரை நோய்க்குக் குறிப்பிடத்தக்க பயனில்லை. சிலருக்குக் கடும் ஒவ்வாமைதான் மிச்சம்.

தாவர ஆய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. உங்கள் தாத்தா விழுங்கும் மெட்ஃபார்மின் மாத்திரைக்கும் ஒரு செடிதான் மூலம். ஐரோப்பாவில் வளரும் கலேகா செடியின் வேதிப்பொருளை ஒட்டி உருவான மருந்து அது. ஆனால் அந்தச் செடி நச்சுத்தன்மை உள்ளது. வேதியியலாளர்கள் மூலக்கூறை மாற்றியமைத்து, மனிதரிடம் சோதித்து, 1957-இல்தான் அது நீரிழிவு மருந்தாக அறிமுகமானது. குர்குமினும் அந்தப் பாதையில் போகட்டும், வரவேற்போம்.

என் கவலை, அதுவரை காத்திருக்க முடியாத கண்களைப் பற்றியது. "மஞ்சள் பால் குடிக்கிறேனே, கண் சோதனை எதற்கு?" என்று தள்ளிப்போடும் பாட்டிகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த நோய்க்குத் தொடக்கத்தில் வலி கிடையாது, பார்வையும் மங்காது. விழித்திரையைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். நேரத்தோடு தெரிந்தால் லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பலருடைய பார்வையைக் காப்பாற்றுகின்றன. அவை மனிதரிடம் சோதித்து உறுதியானவை.

பாட்டி கடைசியாக எப்போது அந்தப் படம் எடுத்தார்? அவருடைய கிளினிக் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். ஓராண்டுக்கு மேலாகியிருந்தால், அடுத்த முறை நீங்களும் கூடப் போய் மருத்துவரிடம் கேளுங்கள். மஞ்சள் பாலை நிறுத்தச் சொல்ல வேண்டாம், சீனி மட்டும் போடாதிருக்கட்டும்.