காஞ்சனா இல்லாத 'காஞ்சனா'

2019 ஏப்ரல் 18-ம் தேதி தமிழ்நாடு பாராளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டது. விரலில் வைத்த மை காய்வதற்குள் மறுநாள் 'காஞ்சனா 3' ரிலீஸ். புனித வெள்ளி லீவு வேறு. குடும்பம் குடும்பமாகக் கூட்டம், படம் ஹிட். கல்லாவைப் பற்றி இங்கே பேச்சில்லை. பேச்சு தலைப்பைப் பற்றி. படம் முழுக்க சல்லடை போட்டுத் தேடினாலும் அதில் காஞ்சனா என்று ஒருவர் இல்லை!

காஞ்சனா யார் என்று மறந்து போனவர்களுக்காக ஒரு சின்ன ஃபிளாஷ்பேக். 2011-ல் வந்த படத்தில் காஞ்சனா ஒரு திருநங்கை. பெற்ற வீடே துரத்திவிட, ஒரு முஸ்லிம் பெரியவர் அடைக்கலம் கொடுக்கிறார். காஞ்சனா தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைத்து, ஆஸ்பத்திரி கட்ட இடம் வாங்குகிறார். அந்த இடத்தை ஒரு எம்.எல்.ஏ. வளைத்துப் போட்டு, கேட்கப் போனவரைக் கொன்று அங்கேயே புதைத்துவிடுகிறான். பேயாக நடித்தவர் சரத்குமார். ஒரு நிஜத் திருநங்கையை நடிக்க வைத்திருக்கலாமே என்று கேட்டால் அதுவும் நியாயம்தான். ஆனால் அந்தப் படம் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் பாதியில் ராகவா லாரன்ஸ் சேலை, வளையல் என்று ஆசைப்படுவதைப் பார்த்து தியேட்டர் விழுந்து விழுந்து சிரிக்கும். இரண்டாம் பாதியில் காஞ்சனாவின் கதை வரும்போது அதே தியேட்டர் கப்சிப். எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அப்போதுதான் உறைக்கும். திருநங்கையருக்கு நலவாரியம் வந்தது 2008-ல், மூன்றாம் பாலினம் என்று சுப்ரீம் கோர்ட் அங்கீகரித்தது 2014-ல். இரண்டுக்கும் நடுவில் ஒரு பேய்ப்படம் அந்த வேலையைப் பார்த்தது.

அதற்கு முன் 2007-ல் வந்த 'முனி'யிலும் இதே சங்கதிதான். குப்பத்து ஜனங்கள் நம்பிய முனியாண்டி, அரசியல்வாதி ஒருவனால் ஏமாற்றப்பட்டுக் கொல்லப்படுகிறார். பேய் ராஜ்கிரண். ஆறு மணிக்கு மேல் வெளியே தலை காட்டாத தொடைநடுங்கி ஒருவன் உடம்பில் அவர் வந்து இறங்குகிறார்.

சங்ககிரிப் பக்கத்து ஆட்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சேலம், நாமக்கல் பக்கம் முனியப்பன் இல்லாத ஊர் குறைவு. பெரிய மீசை, உருட்டிய கண், கையில் அரிவாள். புது லாரி எடுத்தாலும் அவர் முன்னால் எலுமிச்சம்பழம் நசுக்காமல் லோடு ஏற்ற மாட்டார்கள். மதுரைவீரன், காத்தவராயன் மாதிரி கொலையுண்டவர் சாமியாகி வந்து நிற்கும் கதைகள் தமிழ்நாட்டுக்குப் புதுசும் இல்லை. செத்தவர் திரும்பி வந்து கணக்குக் கேட்பார் என்பதுதான் நம்மூர்ப் பயம். ஹாலிவுட் பேய் மாதிரி சும்மா கதவைத் தட்டிவிட்டுப் போகாது.

இப்போது மூன்றாம் பாகத்துக்கு வருவோம். ஆரம்பம் என்னவோ ஜோர். சென்னையிலிருந்து கோவைக்குக் குடும்பமாகப் போகும் வழியில் ஒரு மரத்தடியில் இறங்குகிறார்கள், அந்த மரத்தில் அடித்த ஆணியில் பேய் அடைபட்டிருக்கிறது. (சேலம் வழியாகப் போயிருந்தால் சங்ககிரியைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். புளியமரமும் ஆணியும் இங்கே எல்லாப் பாட்டிகளிடமும் ஸ்டாக் உண்டு!) சரி, களை கட்டப் போகிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தால், வேதிகா, ஓவியா, நிக்கி தம்போலி மூன்று பேரும் போட்டி போட்டு ராகவாவைத் துரத்துகிறார்கள், துரத்துகிறார்கள், துரத்திக்கொண்டே இருக்கிறார்கள். கோவை சரளா இருப்பதால் கொஞ்சம் தப்பித்தோம்.

ஒரு வழியாகப் பேய் வருகிறது. யார் அது? காளி. நடித்தது யார்? அதுவும் லாரன்ஸ்!

சறுக்கலே இங்கேதான். 2015-ல் வந்த இரண்டாம் பாகத்திலும் மொட்டை சிவாவாக அவரே வந்தார். ஆனால் பக்கத்தில் நித்யா மேனன் நடித்த கங்கா இருந்தார். கால் ஊனமுற்ற அந்தப் பெண்ணின் வலி படத்தைத் தாங்கியது. மூன்றில் ஹீரோவின் உடம்பில் புகுவதும் ஹீரோவேதான். முன்பு, மிதிபட்டவர் வந்து பேச ஒரு கோழை தன் உடம்பை இரவல் கொடுத்தான். இப்போது ஸ்லோமோஷனில் நடந்து வந்து விசில் வாங்குவதற்குப் பேய் ஒரு சாக்கு. அப்புறம் பயம் எங்கிருந்து வரும்?

"பசங்க சிரிச்சாங்கல்ல, விடுப்பா" என்பார்கள். விடலாம்தான். 2011-லும் பசங்க சிரித்தார்களே! சிரித்துவிட்டு வீட்டுக்குப் போகும்போது காஞ்சனாவையும் மனசில் கூட்டிக்கொண்டு போனார்கள். காமர்ஸ் கிளாஸில் தூங்காதவர்களுக்கு குட்வில் ஞாபகம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாத சொத்து, ஆனால் விலை உண்டு. ஒரு திருநங்கையின் பெயர் சம்பாதித்த குட்வில்லை வைத்து, அவரோ அவரைப் போன்ற ஒருவரோ மையமாக இல்லாத இரண்டு படங்களை விற்றாயிற்று. கதையில் அந்த எம்.எல்.ஏ. எடுத்துக்கொண்டது காஞ்சனாவின் நிலத்தை மட்டும்தான்.

லாரன்ஸுக்கும் இது தெரியாமல் இருக்காது. அக்‌ஷய் குமாரை வைத்து இந்தியில் 2020-ல் வெளிவந்த 'லக்ஷ்மி'யை எடுக்கப் போனபோது அவர் கையோடு கொண்டு போனது 2011 கதையைத்தான், காளியை அல்ல. நான்காம் பாகமும் அறிவித்தாயிற்று. பேய் வேஷத்தையாவது வேறு யாருக்காவது கொடுங்க சாமி!